லாசரின் பெயரில் ஒரு சத்தியம்

லா சப்பல், பாரிஸ்
14 மார்ச் 2016

என்னுடைய லாசருக்கு,

அன்புள்ள என்று போட நினைத்தேன், கை வரவில்லை. கோபம் தீர்ந்த பிறகு போடுகிறேன்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களாம். காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் எழுதிக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது, றெஜினாதான் வாசித்தாள். ஓமந்தையில் என் இடுப்பில் இருந்த உங்கள் இரண்டு வயது மகள் இப்போது பிரெஞ்சுக் கடிதம் வாசித்துச் சொல்கிற ஆளாகிவிட்டாள். "இந்தப் பெயரும் பிறந்த திகதியும் உடையவர் கனடாவில் வசிக்கிறார். முகவரியைத் தர அவர் சம்மதிக்கவில்லை. நீங்கள் கடிதம் எழுதினால் சேர்ப்பிப்போம்." இவ்வளவும் வாசித்துவிட்டு நிமிர்ந்து, பப்பா எங்களோடு கோபமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். என்ன கோபம்? யுத்தம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டான், ஒரேயொருநாள் இயக்கத்தில் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும் என்று. இயக்கம் பதினெட்டு நாள் பங்கர் வெட்ட இழுத்துக்கொண்டு போனதை நீங்கள் ஒளித்திருக்கலாம். "பதிஞ்சிட்டு வாறன், பின்னேரத்துக்குள்ள விட்டிடுவாங்கள்" என்றீர்கள். நான் பெண்கள் வரிசையில் நின்றேன். அந்தப் பின்னேரம் வந்து ஏழு வருடம் ஆகப்போகிறது.

எங்கே வைத்திருந்தார்கள், எப்படித் தப்பினீர்கள், ஒன்றும் கேட்க மாட்டேன். வேறு ஒருத்தி இருந்தால் அதையும் சொல்லுங்கள். நான் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நாள் முழுக்க ரோல்ஸ் சுற்றுகிறேன். மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையில் இருக்கிறோம். உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டுவர எனக்கு வழி இல்லை, ஆகவே பயப்பட வேண்டாம்.

ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.

ஷிரோமி


ஸ்காபரோ, கனடா
9 ஏப்ரல் 2016

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஸ்ரீபன்.

அண்ணன் இங்கே இல்லை. அவர் எங்கே என்று எனக்கும் தெரியாது. ஓமந்தையில் அவர் பதியப் போகும்போது தன் பையை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பையையும் ஆமி பறித்துவிட்டான் என்று அப்போது உங்களிடம் சொன்னேன். அது பொய். அடையாள அட்டையும் ஞானஸ்நானப் பத்திரமும் என்னிடம்தான் இருந்தன. பிறகு வவுனியாவில், அண்ணனைக் காணவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையும் பத்திரமாக வைத்திரு என்று என்னிடம் தந்தீர்கள்.

அண்ணி, கனடாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது என்னுடைய கதையில் ஒன்றுமே இருக்கவில்லை. என்னை ஒருவரும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கூட வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அண்ணனுடைய பெயரில் கதை இருந்தது, தாளும் இருந்தது. அடையாள அட்டைப் படம் பழையது. எங்கள் இரண்டு பேரையும் சின்ன வயதில் அம்மாவே மாற்றிக் கூப்பிடுவா. தடுப்பு முகாமிலிருந்து தப்பி வந்த லாசர் நான்தான் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு இப்போது கலியாணம் ஆகிவிட்டது. அவளுடைய பெயர் மரியகொறற்றி. ஒக்ரோபரில் பிள்ளை. அவளுக்கும் அவளுடைய ஆட்களுக்கும் நான் லாசர்தான். போன் எடுக்க வேண்டாம், அவள்தான் எடுப்பாள். மேலே இருக்கிற முகவரி மடுத்தீன் அண்ணையின் கடை. எங்கள் ஊர்க்காரர், அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

இந்த வருடம் குடியுரிமை கிடைக்கும் போல இருக்கிறது. தயவுசெய்து அந்த அலுவலகத்துக்கு ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறேன்.

ஸ்ரீபன்


லா சப்பல்
2 மே 2016

ஸ்ரீபனுக்கு,

உமது செபமாலையை நீரே வைத்துக்கொள்ளும்.

ஐந்து கிழமை என் புருசன் உயிரோடு இருந்தார். அந்த ஐந்து கிழமையும் நான் எப்படி நடந்தேன், யாருடன் சிரித்தேன் என்று இந்தத் தெருவே பார்த்தது. றெஜினா வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள், ரீச்சர் கைதட்டினாவாம். உமது கடிதம் வந்த பிறகு, அலுவலகத்தில் பிழை விட்டுவிட்டார்கள், அது அப்பா இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. முத்திரை குத்திய கடிதத்தை எடுத்து வந்து, "இஞ்சை பார், எழுதியிருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினாள். நான்தான் பொய் சொல்கிறேனாம்.

அலுவலகத்துக்குப் போனேன். பயப்பட வேண்டாம், உம்மைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்னும் தேடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அங்கே இருந்த பெண்மணி நல்லவர்தான். "ஆள் கிடைத்துவிட்டாரே மடாம், இனி யாரைத் தேடுவது? சில கணவர்மார் இப்படித்தான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்றார். கோப்பை மூடிவிட்டார்கள். ஊரில் தடுப்பு முகாம்களில் இருந்து வந்த பட்டியல்கள், யாரோ ஒரு பாதிரியார் ஒரு முகாமில் லாசரைக் கண்டதாகச் சொன்னது, எல்லாம் அந்தக் கோப்புக்குள்தான் கிடக்கின்றன. ஒருவரும் இனி அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஏனென்றால் லாசர் ஸ்காபரோவில் சுகமாக இருக்கிறார்.

எனக்கு உம்மிடம் ஒன்றுதான் வேண்டும். அந்த அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதும்: நான் ஷிரோமியின் கணவன் லாசர் இல்லை. அவ்வளவுதான். அவர்கள் தேடுகிறவர்கள், பொலிஸ் இல்லை. கனடா அரசாங்கத்துக்குச் சொல்ல மாட்டார்கள், அதையும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

இன்னொன்று. லாசருக்கு ஒரு மனைவியும் பிள்ளையும் இருக்கிறோமே. எங்களைப் பற்றி உமது விசாரணையில் என்ன சொன்னீர்?

ஷிரோமி


ஸ்காபரோ
30 மே 2016

அன்புள்ள அண்ணி,

கேட்டுவிட்டீர்கள், மறைக்க மாட்டேன். ஷெல் விழுந்து நீங்கள் இருவரும் இறந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர்தான் அப்படிச் சொன்னால் பிறகு கரைச்சல் இல்லை என்றார். சொல்லும்போது உண்மையாகவே அழுதுவிட்டேன். கோவிலில் கலியாணம் எழுதும்போதும் மனைவியை இழந்தவர் என்றே எழுதினார்கள். ஆண்டவர் அறிய உங்களுக்குக் கேடு நினைத்துச் சொல்லவில்லை.

இப்போது என்னுடைய கஷ்டத்தையும் கேளுங்கள். குடியுரிமைச் சத்தியம் எடுப்பதற்கு ஒக்ரோபர் அளவில் கூப்பிடுவார்கள். விரும்பினால் அவரவர் வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்து கைவைத்துச் சத்தியம் செய்யலாமாம். கட்டாயம் இல்லை. ஆனால் என் மாமியார் இப்போதே ஒரு வேதாகமம் வாங்கிவிட்டா. தோல் அட்டை போட்டு, அதில் லாசர் என்று தங்க எழுத்தில் பதித்திருக்கிறா. மருதமடு மாதாவுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறாவாம். அவவுடைய செபக்குழுவில் இருபது பேர் பார்க்க வருகிறார்கள். புத்தகம் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

விசாரணையில் பொய் சொன்னது மனிதரிடம். இது வேதப் புத்தகம். அடுத்தவன் பெயரில் அதன்மேல் கைவைத்தால் ஆண்டவர் சும்மா விடுவாரா? பிள்ளை வேறு பிறக்கப் போகிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்? அண்ணனின் பெயருக்கு இப்போது உரிமை உங்களுக்குத்தான். "பெயரைத் தந்தேன், ஸ்ரீபன் எடுக்கட்டும்" என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். உரியவர் தந்துவிட்டால் அது களவும் இல்லை, பொய்யும் இல்லை.

சத்தியம் எடுத்துக் கையில் பத்திரம் வந்த அடுத்த நாளே உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவேன். அம்மாவாணை.

ஸ்ரீபன்


லா சப்பல்
19 ஜூன் 2016

ஸ்ரீபனுக்கு,

எங்களைக் கொன்றுவிட்டு அழவும் செய்தீரா. நல்ல மனம்தான் உமக்கு.

செத்துப் போனவளிடம் வந்து சம்மதம் கேட்கிறீரே, அதை முதலில் பாரும். இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

எங்கள் கடை முதலாளி இராஜதுரை அண்ணைக்குப் போன வருடம் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. பிரெஃபெக்சூர் என்கிற அரசாங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அண்ணை முருகன் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார், தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று. "ஒருத்தரும் கேக்கேல்லை பிள்ளை. பாட்டுப் பாடச் சொன்னவை, கையில ஒரு பத்திரக் கோப்பைத் தந்தவை, அனுப்பிப் போட்டினம். கடவுளின்ரை பேச்சே எடுக்கேல்லை" என்று பெரிய ஏமாற்றத்தோடு வந்து சொன்னார். அன்றைக்குக் குசினியில் எல்லாரும் சிரித்தோம். இப்போது நினைக்கிறேன், இந்த நாட்டுக்காரர் விவரமானவர்கள். உம்மைப் போன்றவர்கள் வந்து நிற்பார்கள் என்று தெரிந்துதான் புத்தகத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

என்னுடன் வேலை செய்கிற கோசலையின் தமக்கை ரொறன்ரோவில் இருக்கிறா. அவவிடம் விசாரித்தேன். சத்தியம் செய்கிறேன் என்றும் சொல்லலாம், உறுதி கூறுகிறேன் என்றும் சொல்லலாமாம். பாதிப் பேர் வெறும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்பார்களாம். நீரும் அப்படி நில்லும். மாமியாருக்குச் சொல்ல ஏதாவது ஒரு பொய் உமக்குக் கிடைக்காமலா போகும்? கார் சீற்றில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொன்னால் போதாதா?

ஆகவே இதுதான் என் சொல். பெயரை வைத்துக்கொள்ளும். எங்களைச் சாகடித்ததையும் நான் கிளற மாட்டேன். புத்தகத்தில் மட்டும் கைவைக்காதீர். லாசர் தினமும் கும்பிட்டுத் திறந்த புத்தகம் அது. நீர் தொடாவிட்டால், பத்திரம் வந்த அடுத்த நாள் நீர் அலுவலகத்துக்கு எழுதுவீர் என்பதையும் நம்புகிறேன்.

நான் காட்டிக் கொடுப்பேன் என்று பயந்து நடுங்க வேண்டாம். ஓமந்தையில் முகத்தை மூடிக்கொண்டு நின்று, ஆமிக்கு ஆட்களைக் காட்டிக்கொடுத்துத் தலையாட்டினவனை இந்தக் கண்ணால் கண்டவள் நான். அந்த வேலைக்கு என்னால் போக முடியாது. உம்மைத் திருப்பி அனுப்பினால் மன்னாரில் மாமி, உம்மைப் பெற்றவ, உயிரை விட்டுவிடுவா என்பதும் எனக்குத் தெரியும்.

ஒக்ரோபர் முடியும்வரை காத்திருக்கிறேன்.

ஷிரோமி


ஸ்காபரோ
3 நவம்பர் 2016

அன்புள்ள அண்ணி,

ஆண்டவரின் கிருபையால் எல்லாம் நல்லபடி முடிந்தது. ஒக்ரோபர் ஆறாம் திகதி ஆண்குழந்தை பிறந்தான். இருபத்தைந்தாம் திகதி சத்தியம் எடுத்தேன். எண்பது பேர் வரை வந்திருந்தார்கள். இதோடு படம் ஒன்று வைத்திருக்கிறேன், பாருங்கள். எனக்குப் பக்கத்தில் நிற்பவ என்னுடைய மாமி.

நீங்கள் கோபிப்பீர்கள் என்று தெரியும். புத்தகத்தைக் காரில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். மாமி ஓடிப்போய் எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டா. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் என்ன செய்ய? ஏதாவது நடக்கும் என்று பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை அண்ணி. மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன், லாசர் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் மனதுக்குள் வந்த அமைதி எனக்கு வாழ்க்கையில் ஒருநாளும் வந்ததில்லை. ஆண்டவர் என்னை ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? பொய் என்றால் அந்த இடத்திலேயே தண்டித்திருப்பார்.

ஆகவே அந்த அலுவலகத்துக்கு எழுதுகிற விசயத்தை மறந்துவிடுங்கள். எழுத எனக்கு மனமில்லை என்று நினைக்காதீர்கள். வேதப் புத்தகத்தில் கைவைத்து லாசர் என்று சத்தியம் பண்ணியவன், அடுத்த நாள் லாசர் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதுதான் பெரிய பாவம். மடுத்தீன் அண்ணையிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். இனி நான் லாசர்தான். ஸ்ரீபன் என்று ஒருவன் இருந்ததை நீங்களும் மறந்துவிடுங்கள்.

நீங்களும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஏழு வருடம் ஒருவரையும் உள்ளே வைத்துச் சோறு போட மாட்டார்கள். இது உங்களுக்கும் தெரியும், ஒத்துக்கொள்ள விருப்பமில்லை. சும்மா அலுவலகம் அலுவலகமாக அலைந்து பிள்ளையின் மனதைக் கெடுக்காமல், ஒரு நல்ல நாளில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுங்கள். இனிக் கடிதம் போடாமல் விட்டால் எல்லாருக்கும் நல்லது. எனக்கும் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது.

லாசர்


லா சப்பல்
11 டிசம்பர் 2016

திரு. லாசர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது கையில் இருந்த ரோல்ஸ் மாவை எங்கே எறிந்தேன் என்று தெரியவில்லை. கோசலை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான்காம் தரம் வாசித்தபோது நீங்கள் சொல்வது சரி என்று பட்டது. ஆகவே நீர் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். புருசனை அப்படி எழுதக் கூடாது.

வேதப் புத்தகத்தில் கைவைத்து, இருபது சாட்சிகளுக்கு முன்னால் நீங்கள் லாசர் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆண்டவரும் தண்டிக்கவில்லை. அதற்கு மேல் நான் யார், இல்லை என்று சொல்ல?

போன செவ்வாய் படத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண்மணிதான் இருந்தார். "இவரா உங்கள் கணவர்?" என்று கேட்டார். ஓம், இவர்தான் என்றேன். அப்படியென்றால் ஒரு கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். தேடப்பட்டவரை மனைவி அடையாளம் காட்டினார், தேடல் முடிந்தது என்று அதில் எழுதியிருக்கிறதாம். பேனாவை எடுத்தேன். ஓமந்தையில் பதியப் போனவர் எங்காவது ஒரு முகாமில் ஒரு மூலையில் இன்னும் இருக்கிறார் என்றால், அவரைத் தேட இனி இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் தொடங்கியதை நான் முடித்துவிட்டேன். இதற்கு எனக்கு மன்னிப்பு இல்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு தபாற்கந்தோருக்குப் போனேன். மன்னார்க் கோவிலில் இருந்து எடுத்து வைத்திருந்த நம்முடைய கலியாணப் பதிவின் பிரதி, றெஜினாவின் பிறப்புப் பத்திரம், நானும் அவளும் இந்த மாதம் எடுத்த படம், மூன்றையும் இரண்டிரண்டு பிரதி எடுத்து இரண்டு உறைகளில் போட்டேன். ஒன்று உங்களுக்குக் கலியாணம் எழுதிய கோவில் குருவானவருக்கு. மற்றது உங்கள் மாமியாருக்கு. இரண்டு முகவரியையும், உங்கள் வீட்டு முகவரியையும் கோசலையின் தமக்கை தேடித் தந்தா. குருவானவருக்கு இரண்டே வரிதான் எழுதினேன்: என் கணவர் லாசர் என்னைச் செத்துவிட்டேன் என்று நினைத்து இன்னொருத்தியைக் கட்டிவிட்டார், நான் உயிரோடுதான் இருக்கிறேன், தயவுசெய்து உங்கள் புத்தகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். மாமியாருக்கு நீண்ட கடிதம். அவவுடைய மகளில் எனக்குக் கோபம் இல்லை என்றும், முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது நடந்த கலியாணத்துக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்றும் எழுதினேன். மரியகொறற்றி எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அது தெரிந்தும் எழுதினேன்.

அரசாங்கத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. உங்களைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. உங்களுடைய சத்தியத்தை நான் நம்புகிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் லாசர் இல்லை என்று வீட்டில் சொல்லலாம். கலியாணம் தப்பிவிடும். ஆனால் உங்கள் மாமியார் அதைச் செபக்குழுவில் யாரிடமாவது அழுதுகொண்டு சொல்லுவா, அந்த இருபது பேரில் ஒருத்தர் அரசாங்கத்துக்குச் சொல்லுவார். இல்லாவிட்டால் பேசாமல் லாசராகவே இருங்கள், கலியாணம் செல்லாமல் போகும். எதைச் செய்தாலும் எனக்கு ஒன்றும் திரும்பி வரப் போவதில்லை.

றெஜினாவிடம், அலுவலகம் பிழை விடவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா கனடாவில் இருக்கிறார், எங்களை வேண்டாம் என்கிறார், அவருக்கு ஒரு தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறான். அவள் அழவில்லை. உங்கள் படத்தை வாங்கி யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "பப்பாவின்ரை காது என்ரை காது மாதிரி" என்றாள். உண்மைதான், உங்கள் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் அந்தக் காதுதான்.

உங்கள் வீட்டு முகவரியை அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் எழுதப் போகிறாளாம். அவளுக்குத் தமிழ் எழுத வராது, பிரெஞ்சில்தான் எழுதுவாள். மரியகொறற்றி கனடாவில் படித்தவ, பிரெஞ்சும் தெரியும் என்று கேள்விப்பட்டேன். அவவிடம் கொடுத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி,
ஷிரோமி லாசர்